சித்தப்பாவின் மூக்கும் இரண்டாவது பயாப்சியும்

இந்த முறை ஊருக்குப் போன விடுப்பில் பெரும்பகுதி மருத்துவமனையிலேயே கழிந்தது. சித்தப்பாவின் இடது மூக்கு மடலோரம் சில வருடங்களாகவே ஒரு தடிப்பு. தோல் நிறம்தான், லேசான மினுமினுப்பு. புண்ணும் இல்லை, ரத்தமும் இல்லை. ஒரு கிளினிக்கில் மேலாகச் சுரண்டி லேபுக்கு அனுப்பி, 'சாதாரண வியர்வைச் சுரப்பிக் கட்டி' என்று சொல்லி, மிச்சத்தைச் சுட்டுவிட்டிருந்தார்கள். தடிப்பு மறுபடி வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து, கிடைக்கும் கொஞ்ச நாளில் வீட்டுப் பெரியவர்களை டாக்டரிடம் காட்ட அலைகிறவர்களுக்கு உதவட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

பெரிய மருத்துவமனையில் தோல் டாக்டர் அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பார்த்தார். அடியில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. அப்புறம் சித்தப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சை முறுக்கி இரண்டு பக்கமும் மாறி மாறித் தொட்டார். வலப்பக்கம் தொட்டபோதெல்லாம் "ம்" என்றவர், இடப்பக்கம் மேலுதட்டில் தொட்டபோது பேசாமல் இருந்தார். "மரத்துப் போன மாதிரி இருக்குங்களா ஐயா?" என்று கேட்டதும், "ஷேவ் பண்ணும்போது அங்கே ஒண்ணும் தெரியாதுங்க, ரொம்ப நாளாவே அப்படித்தான்" என்றார். அதுவரை அவரிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கன்னத்துக்குள் வரும் ஒரே நரம்புதான் மூக்கின் பக்கவாட்டுக்கும் மேலுதட்டுக்கும் உணர்வு தருகிறதாம். தடிப்போடு மரமரப்பும் இருந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

முதல் லேபில் பார்த்த பழைய ஸ்லைடையும், சுரண்டிய துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் வாங்கி வரச் சொன்னார். இதில்தான் அலைச்சல். "ரிப்போர்ட் கொடுத்தாச்சே, அது போதாதா?" என்றார்கள் லேபில். டாக்டரின் கடிதத்தோடு திரும்பத் திரும்பப் போய் நின்ற பிறகே கையில் வந்தது. இவை நோயாளிக்கு உரியவை என்ற எண்ணமே அங்கே இல்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

புதிதாக, கொழுப்பு அடுக்கு வரை ஆழமாக பயாப்சி, அதாவது சோதனைக்கான சதைத் துணுக்கு, எடுத்தார்கள். வந்த பெயர்: மைக்ரோசிஸ்டிக் அட்னெக்ஸல் கார்சினோமா. 1982இல்தான் தனி நோயாக விவரிக்கப்பட்ட, மிக அரிதான தோல் புற்றுநோய். முகத்தின் நடுப்பகுதியில்தான் அதிகம் வரும். மேல் அடுக்கில் சின்னச் சின்ன நீர்ப்பைகளாக, சாதுவான கட்டி போலவே இருக்கும். அடியில்தான் மெல்லிய இழைகளாகத் தசைக்குள்ளும் நரம்பைச் சுற்றியும் ஊர்ந்து போகும். மேலாகச் சுரண்டிய துணுக்கில் அது எப்படித் தெரியும்? வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக அபூர்வம் என்பது ஆறுதல்.

பெயருக்காக ஏன் இத்தனை காத்திருப்பு என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்கள். அதே மூக்கில் வலியில்லாமல், சிவப்பாகவோ ஊதாவாகவோ வாரக்கணக்கில் வேகமாக வளரும் கட்டி என்றால் மெர்க்கல் செல் புற்றுநோயாக இருக்கலாம். அதற்கு முதலில் கழுத்து நிணநீர்க் கணுவைச் சோதிக்க வேண்டும். கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படும். பரவிவிட்டால், அமெரிக்காவில் 2017இல் அனுமதி பெற்ற அவெலுமாப் போன்ற நோயெதிர்ப்பு மருந்துகள் உண்டு. ஆக, பெயர் மாறினால் வைத்தியத்தின் வழியே மாறிவிடும்.

நரம்புப் பாதையைப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு அறுவை செய்தார்கள். வழக்கமான முறையில் எடுத்த சதையை ரொட்டித் துண்டு போல நறுக்கி அங்கங்கே பார்ப்பதால், ஓரத்தில் மிகச் சிறு பங்குதான் கண்ணில் படும். ஃபிரெடரிக் மோஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1930களில் தொடங்கிய முறையில் ஓரமும் அடியும் முழுக்கச் சோதிக்கப்படும். எடுத்த சதையை அன்றைக்கே உறைய வைத்துப் பார்க்கும் வசதி அந்த மருத்துவமனையில் இல்லை. அதனால் ஓரங்களுக்குச் சாயம் தடவி, மெழுகில் பதித்துச் சோதித்தார்கள். முடிவு வரும்வரை தையல் போடாமல் கட்டு மட்டும். ஒரு ஓரத்தில் இன்னும் இருக்கிறது என்று வந்ததும் அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுத்தார்கள். கட்டோடு காத்திருப்பது சித்தப்பாவுக்குக் கஷ்டம்தான். ஆனால் ஓரம் சுத்தம் என்று உறுதியாகாமல் மூக்கை மூட மாட்டோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றது எனக்குப் பெரிய நிம்மதி.

அதன் பிறகு நெற்றித் தோலை, புருவத்தருகே ரத்தக் குழாயோடு இணைந்தபடியே திருப்பி மூக்கில் வைத்துத் தைத்தார்கள். சுமார் மூன்று வாரம் அந்தத் தோல் பாலம் முகத்தில் இருக்கும், பிறகு வெட்டிவிடுவார்கள். சித்தப்பா கண்ணாடியே பார்க்க மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் சர்ஜன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கு அறுபட்ட கவாஸ்ஜி என்ற வண்டிக்காரருக்கு நெற்றித் தோலால் மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையில் வந்ததையும், அதைப் படித்துத்தான் கார்ப்யூ என்ற ஆங்கிலேய மருத்துவர் 1814இல் அங்கே செய்து பார்த்ததையும் சொன்னார். "நம்மகிட்ட கத்துக்கிட்டதா?" என்று சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இந்தக் கட்டி பல வருடம் கழித்தும் திரும்பலாம். அதனால் மூக்கையும் கழுத்தையும் தொடர்ந்து காட்ட வேண்டும், பஞ்சுச் சோதனை உட்பட. ரிப்போர்ட்டுகள், எம்.ஆர்.ஐ. குறுந்தகடு, மெழுகுக் கட்டியின் எண் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் சித்தியிடம், ஒன்று என்னிடம்.