ஈரல் புழு: சாணத்தில் தேடுவதா, ஈரலை அறுத்துப் பார்ப்பதா?

காரைக்குடிப் பக்கம் தை, மாசியில் கண்மாய் வடிய வடிய மாடுகள் கரையோரப் புல்லில் மேயும். நத்தையிலிருந்து வெளிவந்த ஈரல் புழுக்குஞ்சு ஒட்டியிருப்பது அந்தப் புல்லில்தான்.

சாணப் பரிசோதனைக்குச் செலவு குறைவு. மாடு உயிரோடு இருக்கும்போதே செய்யலாம். 5 கிராம் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் வடித்து, 5 நிமிடம் படியவிட வேண்டும். மேல்நீரைக் கொட்டி, மறுபடி தண்ணீர் விட்டுத் தெளியவைத்து, வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலச் சாயம். நுண்ணோக்கியில் ஈரல் புழு முட்டை மஞ்சளாகவே தெரியும். அதைப் போலவே இருக்கும் இரைப்பைத் தட்டைப்புழு முட்டைக்கு நிறமே இராது. உப்புக்கரைசலில் மிதக்கவிட்டுத் தேடுவது வீண்வேலை, முட்டை கனம். பெரிய ஓட்டை வேறு: தொற்றி 3, 4 மாதம் கழித்தே முட்டை வரும், அதுவும் பித்தநீரோடு விட்டுவிட்டுத்தான். ஒருமுறை 'இல்லை' என்று வந்தால் நம்பவேண்டாம்.

அறுத்த ஈரல் அவ்வளவு ஏமாற்றாது. உட்பக்கத்தில் பித்தநாளங்களுக்குக் குறுக்கே கத்தி வைத்து அமுக்கினால் இலை போன்ற புழு பிதுங்கும். பழைய தொற்றென்றால் நாளம் தடித்து, கத்தி நறநறக்கும். ஈரல் சதைக்குள் துளைத்துத் திரியும் குஞ்சுகள் மட்டும் தப்பிவிடும். (வெந்த ஈரலிலிருந்து மனிதருக்கு இது தொற்றாது, ஆனாலும் கெட்ட ஈரலைக் கழித்துவிடுவதே முறை.)

மந்தையில் புழு உண்டா என்று அறிய ஈரல்தான் நம்பகமானது. கறவை மாட்டை அறுக்க முடியாது, அதற்குச் சாணம்தான்.