பழைய கடிதத் தோற்றத்துக்கு டிஸ்ட்ரெஸ் ஸ்ப்ரே ஸ்டெயின்

புதுத் தாளைப் பழசாக்கப் பலரும் டீத்தண்ணீரில்தான் முக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு நிறம் வரும், காயவும் நேரமாகும். ரேஞ்சர் நிறுவனத்தின் டிம் ஹோல்ட்ஸ் வரிசையில் வரும் டிஸ்ட்ரெஸ் ஸ்ப்ரே ஸ்டெயின் என்ற தெளிப்பு மையில் அந்தப் பாடு இல்லை. 57 மில்லி புட்டி. டீ டை, வின்டேஜ் ஃபோட்டோ என்ற இரண்டு நிறங்கள் போதும்.

நேரே எடுத்து அடித்தால் தாள் பழசாகாது, வெறும் பழுப்புத் தாள்தான் கிடைக்கும். நிஜமான பழைய தாளில் காற்றும் வெளிச்சமும் முதலில் படுவது ஓரத்தில். அதனால் ஓரம் கருத்திருக்கும், நடுப்பகுதி வெளுப்பாக இருக்கும். அதே தோற்றத்தைத்தான் நாமும் கொண்டுவர வேண்டும்.

100 முதல் 120 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளைக் கசக்கிப் பிரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். 75 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாள் இந்த இடத்திலேயே கிழியும். ஓரடி தள்ளிப் பிடித்து டீ டையை நாலைந்து அழுத்து அழுத்துங்கள். கிட்டப் பிடித்தால் வட்டவட்டமாகப் புள்ளி விழும். கசங்கிய மடிப்பில் நார் உடைந்திருப்பதால் அங்கே மை கூடுதலாக ஊறி, நரம்பு ஓடியதுபோலக் கோடு தெரியும். நன்றாகக் காய்ந்த பிறகு ஓரத்தில் மட்டும் வின்டேஜ் ஃபோட்டோ. ஈரத்தோடு அடித்தால் இரண்டும் கலந்து ஒரே நிறமாகிவிடும்.

இந்த மையின் அழகே அடுத்ததில்தான் இருக்கிறது. காய்ந்த தாளில் விரலால் நாலு சொட்டுத் தண்ணீர் தெறித்து, அரை நிமிடம் விட்டு, டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். சொட்டு விழுந்த இடம் வெளுத்து, அதைச் சுற்றி மெல்லிய கருவளையம் நிற்கும். ஓட்டு வீட்டில் மழை ஒழுகிய கணக்குப் புத்தகத்தில் இருக்கும் கறை அச்சாக அப்படித்தான்.

அதே குணம்தான் இதன் குறையும். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் மை கரையும். தூரிகையால் வார்னிஷ் பூசினால் இழுத்துக்கொண்டு வரும், மை கலையாமல் காக்கும் ஸ்ப்ரே ஃபிக்ஸேட்டிவ் மெல்லிசாக இரண்டு தடவை அடிப்பதே சரி. தாளில் எழுத்து வேண்டுமானால் லேசர் பிரின்ட் எடுங்கள், சாதாரண இங்க்ஜெட் மை ஊறிப் பரவும். சாய மை என்பதால் வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும்.

இதே வரிசையில் வரும் ஆக்ஸைடு ஸ்ப்ரேயைக் கடிதத்துக்கு வாங்க வேண்டாம். அதில் நிறமிப்பொடியும் சேர்ந்திருப்பதால் காய்ந்ததும் சுண்ணாம்பு பூத்தது மாதிரி இருக்கும். துருப்பிடித்த தகரம், காரை பெயர்ந்த சுவர் செய்ய அது அருமை. பொடி அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். வேலை முடிந்ததும் தெளிப்பானைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பத்துத் தடவை அழுத்தினால் அடைப்பு வராது.