கொரியா பனிச்சறுக்குச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் கவனத்திற்கு

சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் புலன (வாட்ஸ்அப்) குழுக்களின் வழியாக ஆள் சேர்த்து, தென் கொரியாவுக்குப் பனிச்சறுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் முகவர் ஒருவரிடம் பணம் கட்டி, எங்கள் குடும்பமும் உறவினர்களும் சென்ற டிசம்பரில் போய் வந்தோம். பணத்தைத் திரும்பக் கேட்டு நாங்கள் பதிந்த கோரிக்கை பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஆளுக்கு 4,800 ரிங்கிட் கட்டினோம். எங்களுடன் வந்தவர்களில் சிலர் கூட்டுப் பணத்தை எடுத்துக் கட்டியவர்கள். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருந்தது பனிச்சறுக்குதான்; பிள்ளைகளும் அதற்காகத்தான் வந்தார்கள். ஆனால் பயண நிரலில் மலைக்குச் செல்வது மட்டுமே குறிக்கப்பட்டிருந்தது. சறுக்குப் பலகை, பூட்ஸ், உடை, மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட்டுக்கான சீட்டு, பயிற்றுநர் ஆகிய ஐந்தும் கட்டணத்தில் அடங்காது என்ற வரி, வழிகாட்டிக்கான அன்பளிப்புத் தொகையைப் பற்றிய பத்தியின் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருந்தது. பணம் கட்டுமுன் நான் நேரில் கேட்டபோது, "எல்லாம் அதிலேயே இருக்கிறது அக்கா, நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்" என்றுதான் அவர் சொன்னார்.

பனிமலைக்கென்று ஒதுக்கப்பட்ட நாளில், காலையில் ஜின்செங் கடைக்கும், அதன் பிறகு செம்பைன் எண்ணெய்க் கடைக்கும், மதிய உணவு முடிந்ததும் செவ்வந்திக்கல் கடைக்கும் பேருந்து சென்றது. ஒவ்வொரு கடையிலும் கதவைச் சாத்திக்கொண்டு விளக்கவுரை நடந்தது. மலையடிவாரத்தை அடைந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. அங்கே வைத்துத்தான், உடைக்கும் பலகைக்கும் லிஃப்ட்டுக்கும் சேர்த்து ஆளுக்கு 90,000 வொன் ரொக்கமாகத் தரவேண்டும் என்று உள்ளூர் வழிகாட்டி பேருந்துக்குள்ளேயே வசூலித்தார். நாங்கள் வந்த சாலையோரத்தில் இருந்த வாடகைக் கடையின் விலைப்பட்டியலில் இதே மூன்றுக்கும் ஏறக்குறைய பாதி விலைதான் எழுதியிருந்தது. அங்கே இறக்கிவிடும்படி கேட்டதற்கு, குழுவாக வந்தவர்கள் தனியாகப் போகக்கூடாது என்று பதில் வந்தது.

இதில் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டியது பணமன்று, நேரம். கொரியப் பனிச்சறுக்கு மலைகள் பலவும் ஒரு நாளை மூன்றாகப் பிரித்து, காலை, பிற்பகல், இரவு என்று சீட்டு விற்கின்றன. பிற்பகல் வேளை நாலரை மணியளவில் முடிந்ததும் லிஃப்ட்டுகளை நிறுத்திவிட்டு, கலைந்துபோன பனியை இயந்திரங்களால் வாரிச் சமப்படுத்தி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இரவுச் சறுக்கலுக்குத் திறக்கிறார்கள். அங்கே தொழில் செய்யும் எந்த வழிகாட்டிக்கும் இது தெரியாமல் இருக்காது. பெரியவர்களும் பிள்ளைகளுமாக அத்தனை பேருக்கும் பூட்ஸ் அளவு பார்த்து மாட்டி முடிப்பதற்குள் லிஃப்ட் நிற்கும் நேரம் வந்துவிட்டது. இரவு வேளைக்கு வேறு சீட்டு வாங்கவேண்டும், பேருந்தோ தலைநகர் சோலுக்குத் திரும்பியாகவேண்டும். கடைகளில் கிடைக்கும் தரகுக்காகவே அன்றைய நிரல் அப்படி அமைக்கப்பட்டிருந்தது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் கடைகளுக்கு மட்டும் நாங்கள் ஒரு நிமிடமும் தாமதமாகப் போகவில்லை.

பயிற்றுநர் யாரும் இல்லை. கிடைத்த சிறிது நேரத்தில் மேலே போன என் தங்கை மகன், நிற்கத் தெரியாமல் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். முகவர் விற்ற பயணக் காப்புறுதியில் குளிர்கால விளையாட்டுகளுக்குக் காப்பு இல்லை என்பது மருந்துச் செலவைக் கேட்டபோதுதான் வெளிவந்தது.

கே-ஈட்டிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதிக்கும் ஆளுக்கு 150 ரிங்கிட் வாங்கியிருந்தார். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுமதி தேவை என்பது உண்மை. ஆனால் கொரிய அரசின் அதிகாரத்துவ இணையத்தளத்தில் அதற்கான கட்டணம் 10,000 வொன்தான், நம் பணத்தில் நாற்பது ரிங்கிட்டைத் தொடாது. அதோடு 17 வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ளவர்களுக்கும் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் 2023 ஜூலையிலிருந்து இந்த அனுமதியே தேவையில்லை. எழுபது வயதான என் தாயாருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும்கூடச் சேர்த்தே வாங்கியிருக்கிறார்.

சோல் நகரைச் சுற்றியுள்ள சிறிய மலைகள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. முதன்முறையாகச் சறுக்கப் போகும் நம்மவர்களுக்குப் பெயர்பெற்ற பெரிய மலைகளைவிட இவையே பொருத்தம். விளம்பரப் படத்தில் இருப்பதுபோல் மலை முழுவதும் பனி மூடியிருக்காது. அப்பகுதியில் குளிர் கடுமை, பனிப்பொழிவு குறைவு. ஆகையால் இயந்திரத்தால் பனி தூவுகிறார்கள், பழுப்பு மலையின் நடுவே சறுக்குச் சரிவு மட்டும், செம்பனைக்கு நடுவே வெட்டிய தோட்டச் சாலைபோல, வெள்ளையாகத் தெரியும். சறுக்க அது போதும். சுன்சியோன் நகரை ஒட்டிய எலிசியன் காங்சோன் மலைக்குப் பேருந்துகூடத் தேவையில்லை. கியோங்சுன் இரயில் தடத்தில் பெக்யாங்ரி நிலையத்தில் இறங்கினால் மலை பக்கத்திலேயே இருக்கிறது. வார நாளில் காலை வேளைச் சீட்டு எடுப்பது நல்லது, வார இறுதியில் லிஃப்ட்டுக்கு வரிசையில் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடும். கையுறையையும் கண்ணில் அணியும் பனிக்கண்ணாடியையும் வாடகைக் கடைகள் பெரும்பாலும் தருவதில்லை, இங்கிருந்தே வாங்கிச் செல்லுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று காலுறைகளைப் போட்டுக்கொண்டால் பூட்ஸுக்குள் கால் நழுவி வலிக்கும். பருத்தியல்லாத ஒரே ஒரு நீண்ட காலுறை போதும். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைய பொழுது பாழ். பயிற்றுநரை ஒரு மணி நேரத்துக்காவது அமர்த்தி, பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்பகுதியை அகட்டி நிற்கும் முறையைக் கற்ற பிறகே லிஃப்ட்டில் ஏறவேண்டும். எங்கள் குழுவில் யாருக்கும் கிடைக்காதது அந்த ஒரு மணி நேரம்தான்.

முகவரைப் பொறுத்தவரை, 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில்துறைச் சட்டத்தின்படி வெளிநாட்டுச் சுற்றுலா நடத்துபவருக்குச் சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் உரிமம் இருக்கவேண்டும். உரிம எண் விளம்பரத்தில் இருக்கிறதா, அமைச்சின் இணையத்தளத்தில் அதே நிறுவனத்தின் பெயரில் அது காட்டப்படுகிறதா, பணம் போகும் வங்கிக் கணக்கும் அந்த நிறுவனத்தினுடையதா என்ற மூன்றும் பொருந்தவேண்டும். எங்கள் முகவரின் விளம்பரத்தில் எண்ணே இல்லை. பணம் தனியாளின் கணக்குக்குச் சென்றது. திரும்பி வந்து பணத்தைக் கேட்டபோது முதலில் பொடி எழுத்து வரியைக் காட்டினார், பிறகு புலனக் குழுவிலிருந்து எங்களை நீக்கிவிட்டார். பற்றுச்சீட்டுகளும் அவர் அனுப்பிய குரல் பதிவுகளும் கையில் இருந்ததால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதிந்திருக்கிறோம். அதற்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் பதியவேண்டும்.

இதை இப்போதே எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதே முகவர் மார்ச் நடுப்பகுதியில் புறப்படும் அடுத்த குழுவுக்கு ஆளுக்கு 1,000 ரிங்கிட் முன்பணம் வசூலித்துக்கொண்டிருக்கிறார். சோலுக்கு அருகிலுள்ள சிறிய, தாழ்வான மலைகள் டிசம்பரில் திறந்து, பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சின் முதல் நாட்களிலோ மூடப்படுபவை. முன்பணம் கட்டியிருப்பவர்கள் எந்த மலை, அது எந்தத் தேதியில் மூடப்படுகிறது, மலையை எத்தனை மணிக்கு அடைவோம், லிஃப்ட் சீட்டும் பலகையும் உடையும் பயிற்றுநரும் கட்டணத்தில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மீதிப் பணத்தை அந்தப் பதில் கைக்கு வரும்வரை கட்டாதீர்கள்.