காலையா, இரவா, கிடைக்கிற ஐந்து நிமிஷமா: வாசிப்புக்கு எது கைகொடுக்கும்?

வாசிக்க நேரமே இல்லை என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு ஒரு யோசனை வைத்திருப்பார்கள். விடியற்காலையில் எழுந்து படி என்பார் ஒருவர், தூங்கப்போகும்முன் அரை மணி நேரம் போதும் என்பார் இன்னொருவர், கிடைக்கிற ஐந்து நிமிஷத்தை விடாதே என்பார் மூன்றாமவர். மூன்றுமே நடக்கிற காரியம்தான். ஆனால் என்ன புத்தகம் படிக்கப்போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை, அதைக் கேட்காமல் எது சிறந்தது என்று சொல்லவே முடியாது.

இரவை எடுத்துக்கொள்வோம், பலரும் முதலில் முயல்வது அதைத்தான். வீடு அடங்கிவிட்டது, யாரும் கூப்பிட மாட்டார்கள், அதுவரை சரி. ஆனால் நாள் முழுக்க உழைத்துக் களைத்த மூளை அது. கனமான கட்டுரைப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் மூன்றாவது பத்தியில் கண் சொருகும், மறுநாள் அதே பத்தியை மறுபடி படிப்போம், அதற்கு மறுநாளும் புத்தகக்குறி அதே பக்கத்தில் இருக்கும், நாலாம் நாள் புத்தகம் தலையணைக்குப் பக்கத்திலிருந்து அலமாரிக்குப் போய்விடும். குறை நம்மிடமும் இல்லை, புத்தகத்திடமும் இல்லை. அதே நேரத்தில் ஒரு துப்பறியும் கதையோ பயணக்கதையோ இருந்திருந்தால் கிடுகிடுவென்று ஓடியிருக்கும்.

திரையில் படித்தால் தூக்கம் கெடும் என்ற பயமும் பலருக்கு உண்டு. 2014 கடைசியில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒளிரும் திரையில் படித்தவர்களுக்குக் காகிதத்தில் படித்தபோது ஆனதைவிடத் தூக்கம் வர சுமார் 10 நிமிஷம் அதிகம் ஆனது, தூக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் என்ற ஹார்மோன் சுரப்பும் குறைந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 12 பேர், திரையை முழு வெளிச்சத்தில் வைத்து நான்கு மணி நேரம் படிக்கச் சொன்னார்கள். வெளிச்சத்தைக் குறைத்து அரை மணி நேரம் படிப்பவர் இதை வைத்துக் கலங்க வேண்டியதில்லை.

காலை நேரம் கனமான புத்தகங்களுக்கு உரியது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சீக்கிரம் படுப்பவர்களுக்கு மட்டும்தான். இரவு தாமதமாகப் படுத்துவிட்டு ஐந்து மணிக்கு அலாரம் வைப்பது தூக்கத்தில் கடன் வாங்குகிற வேலை.

இனி அந்தத் துண்டு நேரம். வரிசையில் நிற்பது, பேருந்துக்குக் காத்திருப்பது, யாரோ வர லேட்டாவது. கணக்குப் போட்டால் ஆசையாகத்தான் இருக்கும்: ஐந்து நிமிஷமாக நாலு முறை என்றால் 20 நிமிஷம், பக்கத்துக்கு இரண்டு நிமிஷம் வைத்தால் 10 பக்கம், 250 பக்கப் புத்தகம் 25 நாளில் முடிந்துவிடும். காகிதத்தில் சரி. நடைமுறையில் ஒவ்வொரு முறையும் எங்கே விட்டோம், இவர் யார், ஏன் கோபமாக இருக்கிறார் என்று பிடித்துக்கொள்ளவே ஒரு நிமிஷம் போகும். பழைய ரஷ்ய நாவல்களை இப்படிப் படித்துப் பாருங்கள், ஒரே ஆளை ஒரு பக்கத்தில் குடும்பப் பெயராலும், அடுத்த பக்கத்தில் தந்தை பெயரைச் சேர்த்தும், அதற்கடுத்து செல்லப் பெயராலும் கூப்பிடுவார்கள், மூன்று பேரும் ஒருவர்தான் என்று புரிவதற்குள் பேருந்து வந்துவிடும். சிறுகதை, கவிதை, கடிதங்கள், டைரிக் குறிப்புகள், குட்டிக் கட்டுரைகள் இதற்கென்றே அமைந்தவை. பெரிய நாவலுக்கு வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஒரே இருப்பாக ஒதுக்குவது இந்த எல்லாத் துண்டுகளையும்விட மேல்.

காகிதமா, மின்னூல் கருவியா, போனா என்ற சண்டையிலும் இதே கதைதான். 2018இல் 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றவை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். தகவல் சார்ந்த எழுத்தில், அதுவும் நேர நெருக்கடியில், காகிதத்தில் படித்தவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. வெறும் கதைகளில் வித்தியாசம் தென்படவில்லை. ஆக, பாடப்புத்தகம் போன்றவற்றைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு நாவல்களை மின்னூல் கருவிக்கு மாற்றலாம், அதில் படிப்பதைத் தவிர வேறு வேலை பெரிதாகச் செய்ய முடியாது என்பதே பெரிய லாபம். போனுக்கு இருக்கிற ஒரே பலம் அது எப்போதும் சட்டைப்பையில் இருப்பது, ஆனால் அது லேசான பலம் இல்லை. டேட்டாவை அணைத்துவிட்டுப் படித்தால் துண்டு நேரத்துக்கு அதை மிஞ்ச எதுவும் கிடையாது.

ஒலிப்புத்தகம் மெதுவானது என்று சிலர் ஒதுக்குவார்கள். ஆங்கிலத்தில் வாசிப்பவர் குரல் நிமிஷத்துக்கு 150, 160 சொல் போகும், கண்ணால் படித்தால் 240ஐ ஒட்டி வரும். உண்மைதான், ஆனால் பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் கண் எப்படியும் சும்மா இல்லையே, அங்கே 150 என்பது பூஜ்ஜியத்தோடு போட்டி போடுகிறது. வாழ்க்கை வரலாறும் நினைவுக் குறிப்பும் காதுக்கு நன்றாக வரும். ஒரு வாதத்தை மூன்று முறை திரும்பிப் பார்க்க வேண்டிய புத்தகம் வராது.

இலக்கு வைப்பவர்களுக்கு: வருஷத்துக்கு இத்தனை புத்தகம் என்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், டிசம்பரில் ஒல்லிப் புத்தகமாகத் தேட வைக்கும். கதைக்குப் பக்கக் கணக்கு, கடினமானதற்கு நிமிஷக் கணக்கு. ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற எண்ணமும் வேண்டாம். 2009இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், சாப்பாடு, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி போன்ற பழக்கங்கள் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள், இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. கடிகார நேரத்தோடு கட்டாமல், பல் துலக்கியதும், கதவைப் பூட்டியதும் என்று ஏதாவது ஒரு செயலோடு கட்டினால் நினைவில் நிற்கும்.

அப்புறம், ஓடாத புத்தகத்தை விடலாமா, முக்கி முடிக்கணுமா? முதலில் அதன் நேரத்தை மாற்றிப் பாருங்கள், இரவில் நகராதது ஞாயிறு காலையில் நகரலாம். அங்கேயும் 50 பக்கம் தாண்டி இழுத்தால் விட்டுவிடுங்கள், அது அடைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் இன்னொன்று வரட்டும்.