மாஸ் எஃபெக்ட் 2-ஆ, விட்சர் 3-ஆ: எதில் முடிவு நம்முடையது?

லேப்டாப்பில் இடம் இல்லை, இந்த இரண்டு வீடியோ கேம்களில் ஒன்றை அழித்தாக வேண்டும். மூன்று பாகங்களும் சேர்ந்த மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷன் மட்டுமே 100 ஜிபிக்கு மேல் விழுங்கியிருந்தது. அதை அழித்துவிட்டு விட்சர் 3-ஐ வைத்துக்கொண்டேன். இடம் மட்டும் காரணமில்லை. (இனிமேல் கதை உடையும். ஆடாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

துப்பாக்கி பிடிக்குமென்றால் மாஸ் எஃபெக்ட், வாள் என்றால் விட்சர். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மாஸ் எஃபெக்டில் நாம் ஆடும் ஷெப்பர்டை ஆணாகவோ பெண்ணாகவோ நாமே வடிக்கலாம். விட்சரின் நாயகன் ஜெரால்ட்டை அப்படி மாற்ற முடியாது. அந்த வகையில் மாஸ் எஃபெக்ட்தான் தாராளம்.

ஆனால் எனக்கு ஒத்துவராதது அதன் மீட்டர். 2010-இல் வந்த மாஸ் எஃபெக்ட் 2-இல் நல்லபடி நடந்தால் பாரகன் புள்ளி, முரடாக நடந்தால் ரெனிகேட் புள்ளி. முதல் முறை ஆடியபோது அந்தந்த இடத்தில் நியாயம் என்று பட்டதைச் செய்துகொண்டு போனேன். ஒரு கூலிப்படையாளை ஜன்னல் வழியாகத் தள்ளிவிட்டதும் அதில் சேர்த்தி. அப்புறம் கப்பலில் என் குழுவைச் சேர்ந்த மிராண்டாவுக்கும் ஜாக்குக்கும் சண்டை வந்தது. இருவரையும் சமாதானப்படுத்தும் நீல (பாரகன்) வசனமும் சிவப்பு (ரெனிகேட்) வசனமும் மங்கிக் கிடந்தன, அமுக்க முடியவில்லை. ஒருத்தி பக்கம் பேசினேன், இன்னொருத்தி முறைத்துக்கொண்டாள். கடைசி மிஷனில் அது அவள் உயிரையே வாங்கக்கூடும். அந்த வசனங்களைத் திறக்க, அதுவரை கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளில் எவ்வளவு பங்கு எடுத்தோம் என்றுதான் கணக்குப் பார்க்கிறார்கள். கலந்து ஆடுபவனுக்கு நஷ்டம். இரண்டாவது முறை ஆடியபோது வசனத்தைப் படிக்கக்கூட இல்லை, பாரகன் பதில் இருக்கும் வசன வட்டத்தின் வலது மேல் மூலையைக் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினேன். மார்க்குக்குப் படிக்கிற பையன் மாதிரி.

2015-இல் வந்த விட்சர் 3-இல் ஒரு குன்று, அதன்மேல் ஓக் மரம், அடியில் சிறைப்பட்ட ஓர் ஆவி. விடுவித்தால் சதுப்பு நிலத்து அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. அதைக் கொன்றுவிடு என்கிறார்கள் மூன்று சூனியக் கிழவிகள். மீட்டர் கிடையாது, நீலம் சிவப்பு கிடையாது. நான் விடுவித்தேன். குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் பக்கத்துக் கிராமம் ரத்தக்களரியானது. குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்னாவைக் கிழவிகள் சபித்தார்கள், அவள் செத்துப்போனாள். அந்தப் பகுதிப் பிரபுவான அவள் கணவன் ‘பாரன்’ தன் கோட்டையில் தூக்கில் தொங்கினான். இது தெரியவந்தபோது திரும்பப் போய் ஆட, முன்பு சேமித்து வைத்த சேவ் ஃபைலைத் தேடினேன். பல மணி நேரம் பின்னால் கிடந்தது. சரி, லோட் செய்தாலும் என்ன? ஆவியைக் கொன்றால் ஆன்னா புத்தி பேதலித்தாவது பிழைப்பாள், குழந்தைகள் இருக்க மாட்டார்கள். எதை லோட் செய்வது?

என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றுதான் அளவுகோல்: பின்னால் போய்த் திருத்தினால் முடிவு சரியாகிவிடுமா? மாஸ் எஃபெக்டில் பெரும்பாலும் ஆகிவிடும்.

விட்சரிலும் கணக்கே இல்லையென்று சொன்னால் பொய். ஜெரால்ட் மகளைப் போல வளர்த்த சிரியுடன் பனிப்பந்து எறிந்து விளையாடினோமா, ஆய்வுக்கூடத்தை அவள் உடைக்கும்போது விட்டோமா என்றெல்லாம் உள்ளே எண்ணித்தான் அவள் கதியை முடிவு செய்கிறது. கண்ணில் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று: முழு ரெனிகேடாக நான் சில மணி நேரம்தான் ஆடியிருக்கிறேன். ரசித்து ஆட வேண்டுமென்றால் அந்த வழிதான் என்பது நண்பர்கள் கட்சி. இடத்துக்காகப் புது எஸ்எஸ்டி வாங்கினால் அதையும் பார்க்க வேண்டும்.