பவர் ஸ்டீயரிங்கில் ஏர் எடுக்க இஞ்சினை ஓடவிடணுமா, நிறுத்தணுமா?

ஸ்டீயரிங் ஹோஸ் மாற்றி வண்டியை வாங்கி வந்த மறுநாள் காலை, தெருமுனையில் முழுசாக ஒடித்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல். இறங்கி ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில், மேலே நுரை கட்டிக்கொண்டு நின்றது. ஆயிலில் காற்று கலந்துவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்குக்கு போன் போட்டால், "ஸ்டார்ட் பண்ணி ரெண்டு பக்கமும் பத்து தடவை ஃபுல்லா ஒடிங்க சார், தானா சரியாயிடும்" என்றார். ஒடித்தேன். நுரை கூடியதுதான் மிச்சம்.

பிரேக்கில் ஏர் எடுக்க நிப்பிள் (திறந்து காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு) இருக்கிறது. ஸ்டீயரிங்கில் பெரும்பாலான வண்டிகளில் அப்படி ஒன்று கிடையாது. உள்ளே மாட்டிய காற்று டப்பாவின் வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். (இதெல்லாம் பொலேரோ, குவாலிஸ், இன்னோவா மாதிரி ஆயிலில் ஓடும் ஸ்டீயரிங்குக்கு. இப்போது வரும் சின்ன கார்களில் பெரும்பாலும் மோட்டார்தான்; ஆயிலே இல்லை.)

மெக்கானிக் சொன்னது சுலபமான வழி: இஞ்சினை ஓடவிட்டு ஒடிப்பது. கருவி வேண்டாம், ஜாக்கி வேண்டாம், பத்து நிமிடம் போதும். காற்று கொஞ்சமாக இருந்தால் சில சமயம் பலிக்கும். நிறைய இருந்தால், இஞ்சினோடு சுற்றுகிற ஸ்டீயரிங் பம்ப் அதை மோர் கடைகிற மாதிரி கடைந்து பொடிப்பொடிக் குமிழிகளாக்கிவிடும். பெரிய குமிழி சட்டென்று மேலே வரும். பொடிக் குமிழி ஆயிலோடேயே சுற்றிக்கொண்டிருக்கும். போதாக்குறைக்கு, கடைசி வரை ஒடித்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் அழுத்தம் எகிறாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் கடுமையாகச் சூடேற ஆரம்பிக்கும். அந்த இடத்தில் 5 வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது.

இஞ்சினை நிறுத்திவிட்டு ஒடிப்பது இரண்டாவது வழி. என் ஓட்டு இதற்குத்தான். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பாதீர்கள். ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் அளவுக்குச் சாவியைத் திருப்பி, மூடியைத் திறந்து வைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நிதானமாக 20 தடவை ஒடிக்கணும். பம்ப் ஓடாததால் ஸ்டீயரிங் கனக்கும், தோள் வலிக்கும். ஆனால் ஆயில் கடைபடாது. சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன் நகர நகர ஆயிலும் காற்றும் மெதுவாகத் தள்ளப்பட்டு, டப்பாவில் பெரிய பெரிய கொப்புளமாக வந்து உடைவதைப் பார்க்கலாம். பக்கத்தில் ஒருவர் ஆயிலும் கையுமாக நிற்கணும். மட்டம் இறங்கி டப்பா காலியானால் மறுபடி காற்றை இழுத்துக்கொள்ளும், பட்ட பாடெல்லாம் வீண். ஊற்றுவது அந்த வண்டிக்குச் சொன்ன ஆயில்தானா என்று மூடியிலோ மேனுவலிலோ பார்த்துக்கொள்ளுங்கள். கொப்புளம் நின்றதும் அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் ஸ்டார்ட் செய்தால் போதும். ஏற்கெனவே ரோஸ்மில்க் ஆகியிருந்தால் ராத்திரி முழுக்க நிறுத்திவைத்து, ஆயில் தெளிந்த பிறகு ஆரம்பிப்பது நல்லது.

மூன்றாவது, வேக்குவம் பம்ப். டப்பாவின் வாயை ரப்பர் அடைப்பானால் இறுக்கி, கைப்பம்பால் பாதரச அளவில் 20 அங்குலம் வரை காற்றை இழுப்பார்கள். உள்ளே மிஞ்சுவது வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம்தான். அதனால் ஒவ்வொரு குமிழியும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெருத்து மேலே கிளம்பும். கையால் ஒடித்து வராத பிடிவாதக் காற்றுக்கு இதை மிஞ்சியது இல்லை. பம்பை நிறுத்திய பிறகும் அதன் மீட்டர் முள் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுக்கு என்று அர்த்தம். அடைப்பான் சரியாக உட்காராவிட்டாலும் இறங்கும் என்பதால் முதலில் அதைப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படாத வேலைக்கு இந்தச் செட்டைக் காசு போட்டு வாங்குவது வீட்டுக்காரருக்குக் கட்டாது. வைத்திருக்கும் கடையைத் தேடிப் போகலாம்.

எந்த வழியானாலும், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸை முதலில் தொட்டுப் பாருங்கள். அது இழுக்கும் பக்கம். கிளாம்ப் தளர்ந்திருந்தால் வெளியே சொட்டு ஒழுகாமலேயே காற்றை மட்டும் உறிஞ்சும். என் வண்டியில் புது ஹோஸுக்குப் பழைய கிளாம்பையே போட்டிருந்தார்கள். விரலால் பிடித்தாலே சுற்றியது. அதை மாற்றிய பிறகுதான் 20 தடவை ஒடித்ததற்குப் பலன் கிடைத்தது.

காற்று போய்விட்டதா என்று பார்க்க, இஞ்சின் ஓடும்போது டப்பாவில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்கணும். உள்ளே அமுங்கியிருந்த காற்று விரிந்தால் மட்டம் ஏறும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் மறுபடி ஜாக்கி. எனக்கு முதல் நாள் ஒரு விரல் அளவு ஏறியது. இரண்டாம் நாள் குறித்த கோட்டிலேயே நின்றது.