ஸ்டீம் டெக் ஓஎல்இடி: சிப் பழசு, அதை இயக்கும் லினக்ஸ் புதுசு

வால்வ் நிறுவனத்தின் லினக்ஸில் ஓடும் கையடக்க கேம் கணினியான ஸ்டீம் டெக்கை வாங்கலாமா என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என்ன கேம் ஆடுவீர்கள்?" என்பதுதான். வேலரன்ட், ஃபோர்ட்நைட், டெஸ்டினி 2 என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இவை லினக்ஸில் ஓடாது. காரணம் கருவியின் வேகம் அல்ல, ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். ஈஸி ஆன்ட்டி சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021லேயே ப்ரோட்டானில் (விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் வால்வின் மென்பொருள்) இயங்க வழி செய்துவிட்டன. ஆனால் அந்த வழியைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்பது கேமைத் தயாரித்தவர் கையில் இருக்கிறது. பலர் திறப்பதில்லை. திறந்தவர்களும் மூடியிருக்கிறார்கள்: டெக்கில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை மொத்தமாக வெளியே தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜிடிஏ ஆன்லைனில் பேட்டில்ஐ வந்ததும் டெக்கில் அதன் ஆன்லைன் பகுதி நின்றுபோனது. கதைப் பகுதி மட்டும் ஓடுகிறது. விண்டோஸைத் தனியாக நிறுவி ஆடலாம் என்று சொல்வார்கள். நிறுவலாம்தான். ஆனால் இந்தக் கருவிக்குக் காசு கொடுப்பதே அதன் இயங்குதளத்துக்காக. அதை அழித்துவிட்டால் கையில் மிஞ்சுவது மெதுவான ஒரு கணினிதான்.

தனியாக ஆடும் கேம்கள்தான் உங்கள் விருப்பம் என்றால் கதையே வேறு.

2023 நவம்பரில் வந்த ஓஎல்இடி மாடலில் 7.4 அங்குலத் திரை, 1280x800 புள்ளிகள், 90 ஹெர்ட்ஸ், 50 வாட்-மணி பேட்டரி. எடை 640 கிராம். 2022ல் வந்த முதல் மாடலில் 7 அங்குல எல்சிடி, 60 ஹெர்ட்ஸ், 40 வாட்-மணி, 669 கிராம். சிப்பில் நான்கு ஜென் 2 கோர்களும் எட்டு ஆர்டிஎன்ஏ 2 கிராஃபிக்ஸ் அலகுகளும் இரண்டு மாடலுக்கும் பொது. ஓஎல்இடியில் அதையே 7 நானோமீட்டரிலிருந்து 6க்குச் சுருக்கியிருக்கிறார்கள். நினைவகம் 16 ஜிபிதான், அதன் வேகம் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. வேகத்தில் இதனால் கிடைப்பது கொஞ்சம்தான். வித்தியாசம் தெரிவது திரையிலும் பேட்டரியிலும் விசிறிச் சத்தத்திலும்.

திரையில் ஒரு குறை உண்டு. வெளிச்சத்தைக் குறைத்து வைத்து அடர் சாம்பல் படம் ஒன்றைத் திறந்தால், சில கருவிகளில் அழுக்குத் துணி போலத் திட்டுத்திட்டாகத் தெரியும். ஓஎல்இடி திரைகளின் பொதுவான குணம் இது, அளவுதான் கருவிக்குக் கருவி மாறும். வாங்கிய அன்றே இருட்டறையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

இனி, இந்தக் கருவியை வைத்திருக்கும் பலரும் தொடாமலே விடும் இடத்துக்கு வருவோம். வலப்பக்க மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியில் பேட்டரிப் படத்துக்குப் போனால், ஃபிரேம் வரம்பும் சிப்புக்கான வாட் வரம்பும் இருக்கின்றன. 'பெர்-கேம் ப்ரொஃபைல்' என்பதை முதலில் இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கேமுக்கு வைத்த அளவு எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொள்ளும். கணக்கு எளிது. சிப் முழு 15 வாட்டில் ஓடும்போது திரை, வைஃபை எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு ஏறக்குறைய 25 வாட் வரை போகும். 50 வாட்-மணி பேட்டரி இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மொத்தச் செலவை 10 வாட்டுக்குள் கட்டினால் ஐந்து மணி நேரம். ஸ்டார்டியூ வேலி மாதிரியான கேமுக்குச் சிப்புக்கு 4, 5 வாட்டே தாராளம்.

கனமான கேம்களில் 60 ஃபிரேமைத் துரத்தாதீர்கள். 30 ஃபிரேமில் ஒரு படத்துக்கு 33.3 மில்லி விநாடி, 60ல் 16.7, 40ல் 25. அதாவது நேரக் கணக்கில் 30க்கும் 60க்கும் சரிநடுவே நிற்பது 45 அல்ல, 40. வரம்பை 40ல் வைத்தால் ஓஎல்இடி திரை தானாக 80 ஹெர்ட்ஸுக்கு மாறி, ஒவ்வொரு படத்தையும் சரியாக இரண்டு முறை காட்டும். அசைவு சீராக இருக்கும். கேமுக்குள் இருக்கும் வி-சிங்கை (படங்களைத் திரையின் வேகத்தோடு ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) அணைத்துவிடுங்கள். இரண்டு வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தால் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் நடப்பதற்கும் இடைவெளி கூடிவிடும். இத்தனையும் செய்தும் சில இடங்களில் தப்ப முடியாது. பால்டர்ஸ் கேட் 3ன் மூன்றாம் பகுதியில் நகரத்துக்குள் நுழைந்தால் திணறுவது கிராஃபிக்ஸ் அல்ல, அந்த நான்கு பழைய கோர்கள். படத்தரத்தைக் குறைத்தாலும் பெரிதாக மாறாது. 2025 செப்டம்பரில் அந்த கேமைத் தயாரித்த லேரியன் டெக்குக்கென்றே லினக்ஸ் பதிப்பு ஒன்றை வெளியிட்டு இந்தச் சுமையை ஓரளவு இறக்கியது. இப்படி அக்கறை எடுக்கும் நிறுவனங்கள் இன்னும் குறைவு.

விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுவது ப்ரோட்டான். 2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்டது: விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்டும் வைனின் மேல், விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் கட்டளைகளை லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றும் டிஎக்ஸ்விகே, விகேடி3டி இரண்டையும் சேர்த்துக் கட்டியது. பெரும்பாலான கேம்களில் அது இருப்பதே தெரியாது. தெரியும் இடங்கள் சில. காட்சிப் படங்கள் ஓட வேண்டிய இடத்தில் வண்ணப் பட்டைகள் மட்டும் வந்தால், வீடியோ கோடெக் இல்லை என்று அர்த்தம். முதலில் ஸ்டீம் அமைப்பில் ஷேடர் முன்சேமிப்பை (கிராஃபிக்ஸ் நிரல்களை முன்கூட்டியே இறக்கி வைப்பது) அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். மாற்றிய வீடியோக்களும் அதன் வழியாகத்தான் வருகின்றன. அப்படியும் சரியாகவில்லை என்றால் டெஸ்க்டாப்பில் டிஸ்கவர் என்ற செயலிக் கடையிலிருந்து ப்ரோட்டான்அப்-க்யூடி நிறுவி, அதன் மூலம் ப்ரோட்டானின் மாற்றுப் பதிப்பான ஜிஇ-ப்ரோட்டானை இறக்கி, ஸ்டீமை ஒருமுறை மூடித் திறந்து, கேமின் 'கம்பாட்டிபிலிட்டி' பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கேம்களின் லினக்ஸ் பதிப்புகளிலும் கவனம் தேவை: வெளியான நாளோடு கைவிடப்பட்டவை பல. அவற்றில் கோளாறு வந்தால் அதே பக்கத்தில் ப்ரோட்டானைக் கட்டாயமாக்கி விண்டோஸ் பதிப்பை ஓட்டுவதே நல்லது.

எஸ்டி கார்டில் கேம்களைப் போட்டுவிட்டு உள் சேமிப்பகம் ஏன் நிரம்புகிறது என்று குழம்புவோர் நிறைய. கேம் கார்டில் இருந்தாலும் ஷேடர் சேமிப்பும், ஒவ்வொரு கேமுக்கும் ப்ரோட்டான் உருவாக்கும் போலி விண்டோஸ் அடைவும் உள்ளேயே தங்கிவிடும். கேமை அழித்தாலும் சில சமயம் மிச்சம் கிடக்கும். அவற்றைக் கையால் அழிக்கும்முன் கவனம்: கிளவுட் சேமிப்பு இல்லாத கேம்களின் சேவ் கோப்பு அந்தப் போலி விண்டோஸுக்குள்தான் இருக்கிறது.

பவர் பொத்தானை ஒருமுறை தட்டினால் கேம் நடுவிலேயே உறங்கி, மறுபடி தட்டினால் விட்ட இடத்தில் எழுவது இந்தக் கருவியின் ஆகச் சிறந்த குணம். விண்டோஸ் கையடக்கக் கருவிகள் சறுக்குவதும் இங்கேதான். ஆனால் உறங்க வைப்பது வேறு, கேமிலிருந்து வெளியேறுவது வேறு. டெக்கை உறங்க வைத்துவிட்டு அதே கேமை மேசைக் கணினியில் திறந்தால், பல கேம்களில் புதிய சேவ் கிளவுடுக்கு ஏறியிருக்காது. கணினி மாற்றி ஆடுபவர்கள் கேமை மூடிவிட்டே எழ வேண்டும்.

டெஸ்க்டாப் பக்கம், டெக்கின் இயங்குதளமான ஸ்டீம்ஓஎஸ் ஆர்ச் லினக்ஸை அடியாகக் கொண்டு கேடிஈ பிளாஸ்மா என்ற டெஸ்க்டாப் இடைமுகத்தை ஓட்டுகிறது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மாறும் வழி வரும். உண்மையான, முழுமையான கணினி. ஆர்ச் தெரிந்தவர்கள் வழுக்கும் இடமும் இதுவே. அமைப்புப் பகுதி படிக்க மட்டுமே திறந்திருக்கும். பூட்டை நீக்கி ஆர்ச்சின் நிறுவல் கருவியான பேக்மேனால் எதை நிறுவினாலும் அடுத்த பெரிய அப்டேட்டில் காணாமல் போகும். அப்டேட் முழுப் பிம்பமாக சேமிப்பகத்தின் மற்றொரு பகிர்வில் (தனிப் பகுதியில்) இறங்கி, இரண்டும் மாறிக்கொள்வதால் அப்படி. அதே காரணத்தால்தான் அப்டேட் பாதியில் கெட்டாலும் பழைய பகிர்விலிருந்து கருவி எழுந்துவிடுகிறது. எனவே செயலிகளை, அமைப்புப் பகுதியைத் தொடாமல் தனியாக நிற்கும் ஃபிளாட்பாக்காகவே நிறுவுங்கள். எஸ்டி கார்டு ஏதாவது செயலிக்குத் தெரியவில்லை என்றால் ஃபிளாட்பாக் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீல் செயலியில் அனுமதி கொடுங்கள். ஹோம் அடைவில் இருப்பது எதுவும் அழியாது. எபிக், ஜிஓஜி கேம்களுக்கு ஹீரோயிக் லாஞ்சர் போதும். திரை விசைப்பலகை ஸ்டீம் பொத்தானும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் வரும், ஸ்டீம் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும்.

ஸ்டீமுக்குத் தமிழ் இடைமுகம் இல்லை. பிளாஸ்மாவின் விசைப்பலகை அமைப்பில் இந்தியா, இலங்கை இரண்டின் கீழும் தமிழ் தளவமைப்புகள் இருக்கின்றன. யூஎஸ்பி விசைப்பலகை செருகித் தட்டலாம். விருப்பமான எழுத்துருவை ஹோமில் உள்ள எழுத்துரு அடைவில் போட்டுக்கொண்டால் அப்டேட்டிலும் நிற்கும்.

சேமிப்பகம் போதாதவர்கள் எஸ்எஸ்டியைத் தாங்களே மாற்றலாம். 2230 அளவு (22 மிமீ அகலம், 30 மிமீ நீளம்) மட்டுமே. நீளமான 2242ஐத் திணித்தால் குளிரூட்டல் கெடும். கருவியை அணைத்து, ஒலி கூட்டும் பொத்தானையும் பவரையும் சேர்த்துப் பிடித்து பயாஸுக்குள் (கருவியின் அடிப்படை அமைப்புத் திரை) போய் பேட்டரியைச் 'ஸ்டோரேஜ் மோட்' நிலைக்குக் கொண்டுபோங்கள். அடுத்து எஸ்டி கார்டைக் கழற்றுங்கள். இதை மறந்து பின்மூடியைத் திறந்தால் கார்டு இரண்டாக ஒடியும். எத்தனையோ பேருக்கு ஒடிந்திருக்கிறது. பின்னால் எட்டுத் திருகுகள், ஓஎல்இடியில் டி6 டார்க்ஸ். மூடிக்குக் கீழே உலோகக் கவசம், அதன் கீழே பேட்டரி இணைப்பு. அதைப் பிடுங்கிய பிறகே எஸ்எஸ்டியைத் தொட வேண்டும். பழைய எஸ்எஸ்டி மேலுள்ள உலோக உறையைப் புதியதற்கு மாட்ட மறக்காதீர்கள். எல்லாம் மூடியபின் சார்ஜரைச் செருகினால்தான் கருவி எழும். 8 ஜிபி பென் டிரைவில் மீட்புப் பிம்பத்தை எழுதிச் செருகி, ஒலி குறைக்கும் பொத்தானும் பவரும் பிடித்து அதிலிருந்து துவக்கி, மறுநிறுவலைத் தேர்ந்தெடுங்கள்.

வேகம்தான் முக்கியம் என்றால் ஸ்டீம்ஓஎஸ்ஸோடு 2025 மேயில் வந்த லெனோவோ லீஜியன் கோ எஸ் இருக்கிறது: 8 அங்குலம், 1920x1200, மாறும் புதுப்பிப்பு வீதம். ஆனால் எல்சிடி, கைக்குப் பெரிது. ஆசுஸின் ஆர்ஓஜி ஆலை (ROG Ally) என்ற கையடக்கக் கருவி ஏற்கெனவே கையில் இருந்தால் ஃபெடோரா லினக்ஸ் வழிவந்த பாஸைட் இயங்குதளத்தை நிறுவிப் பாருங்கள், ஏறக்குறைய இதே அனுபவம் கிடைக்கும்.

டெக்கை வால்வ் இந்தியாவிலோ இலங்கையிலோ நேரடியாக விற்பதில்லை. இங்கே கடைகளில் கிடைப்பவை வெளிநாட்டிலிருந்து வந்தவை. வால்வின் உத்தரவாதம் இங்கே கைகொடுக்காது, கடைக்காரர் எழுதித் தருவதுதான் உத்தரவாதம். வெளியானபோது அமெரிக்காவில் 512 ஜிபி 549 டாலர், 1 டிபி 649 டாலர். அதிகப்படி 100 டாலருக்குச் சேமிப்பகத்தோடு பளபளப்பில்லாத கண்ணாடியும் வரும். வெயிலில் வைத்து ஆடுபவருக்கு அது உதவும். ஆனால் கறுப்பின் ஆழம் சற்றுக் குறையும். வீட்டுக்குள் ஆடுபவருக்கு 512 ஜிபியே சரி.